சிறையிலிருந்து திரும்பிவந்த சிரிப்பு

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 30 ஆம் திகதி காலையில், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெரியம்மா ஒருவர் மகனின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு கோப்பாய்ச் சந்திக்கு பஸ் ஏறப் போவார். அன்று சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினம். அவருடைய மகன் 1996 இல் பிடித்துச் செல்லப்பட்டவர்.

அதே ஆகஸ்ட் 30 தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மறைந்த நாளும். ஆண்டு 1957. இரண்டும் ஒரே நாளில் வருவது தற்செயல். ஆனாலும் கலைவாணரின் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மாவின் நினைவும் சேர்ந்தே வருகிறது.

கலைவாணரை நான் முதலில் அறிந்தது முகமாக அல்ல, குரலாகத்தான். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வானொலியை இணைப்பார். பெடலைச் சுற்றுவது என் வேலை. அப்படி ஓர் இரவில் வந்தது, சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டும் பாட்டு. 1956 இல் வந்த ‘ராஜா ராணி’ படத்தில் கலைவாணர் பாடியது. பங்கருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்த நாட்களில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

கிருஷ்ணன் 1908 நவம்பர் 29 இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். வறுமையான வீடு. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் நடிகனானான். தென்திருவிதாங்கூரின் வில்லுப்பாட்டு அவருக்குச் சிறு வயதிலேயே வசப்பட்டது. கோயில் கொடைகளில் ஒலித்த அந்தக் கலையைப் பட்டணத்து மேடைகளுக்குக் கொண்டுபோனவர்களில் அவர் முக்கியமானவர். சின்னமணியின் வில்லிசையைத் திருவிழாக்களில் விடியவிடியக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல.

1936 இல் ‘சதி லீலாவதி’ வெளிவந்தது. எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதற் படம். விரைவில் டி.ஏ.மதுரம் அவருடைய திரைத் துணையாகவும் வாழ்க்கைத் துணையாகவும் ஆனார். இருவரும் நடித்த நகைச்சுவைப் பகுதி இருந்தால்தான் படம் ஓடும் என்ற நிலை வந்தது. மற்றவரின் உடற்குறையைப் பழித்துச் சிரிக்கவைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. மூடநம்பிக்கையும் குடியும் சாதித் திமிருமே அவருக்கு இலக்கு.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளியானது. கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர்; நகைச்சுவைக்குக் கிருஷ்ணனும் மதுரமும். அடுத்த மாதம் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். திரைக்கலைஞர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்தவர் அவர். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேன்முறையீடும் தள்ளுபடியானது.

இதற்கிடையே ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. உள்ளே திரையில் கிருஷ்ணன் தோன்றும்போதெல்லாம் சனம் சிரித்தது. அந்த மனிதர் கைதி உடையில் சிறையில் இருந்தார்.

வெளியே நின்றவர் மதுரம். கணவன் கொலைகாரன் என்று தீர்ப்பான பிறகும் அவர் முடங்கவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் முதலானோரின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபா நடந்தது. வழக்குச் செலவுக்கு மேடை ஏற வேண்டியிருந்தது. அவர்கள் நடத்திய ‘பைத்தியக்காரன்’ நாடகம் படமாகவும் தயாரானது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கே தண்டனை நீக்கப்பட்டு, மேன்முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. ஏறக்குறைய முப்பது மாதங்கள் போயிருந்தன. உண்மையில் கொன்றவர் யார் என்பது நிறுவப்படவேயில்லை.

பாகவதர் மனமுடைந்து வெளியே வந்தார். அதன் பின் அவர் நடித்த படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. கிருஷ்ணனோ ‘பைத்தியக்காரன்’ முடியும் முன்பே வந்து சேர்ந்தார். அவருக்கென்று ஒரு பாத்திரம் படத்தில் சேர்க்கப்பட்டது. மதுரத்தோடு மீண்டும் திரையில் நின்றார். கலைவாணர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டியவர் பம்மல் சம்பந்த முதலியார்.

சிறைக்குப் பிந்தைய பத்து ஆண்டுகளிலும் அவர் பழையதைச் சொல்லி அழுதுகொண்டிருக்கவில்லை. 1949 இல் அண்ணாவின் எழுத்தில் ‘நல்லதம்பி’ வந்தது. அதில்தான் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம். நந்தனார் தில்லைக்குப் போக ஏங்கினார். கிந்தனோ படிப்பதற்காக ரயிலேறிப் பட்டணம் போகிறான். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் என்று அடித்து விரட்டப்பட்டவன், கல்வி அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்புகிறான். 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்த எங்கள் மண்ணில், அந்தக் கதை சிரித்துவிட்டு மறக்கக்கூடியதாக இருக்கவில்லை. 1951 இல் அவரே இயக்கிய ‘மணமகள்’ பத்மினியைத் தமிழில் கதாநாயகியாக்கியது. மறு ஆண்டு சிவாஜியை வைத்து ‘பணம்’ எடுத்தார்.

அவர் கையில் மட்டும் பணம் நின்றதில்லை. கேட்டவருக்குக் கொடுத்தார். நாகர்கோவிலில் காந்திக்குத் தன் செலவில் நினைவுத் தூண் எழுப்பினார். கடைசிக் காலத்தில் அவருக்கென்று மிஞ்சியது அதிகமில்லை. 48 வயதில் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1969 ஜனவரியில், தியாகராய நகரில் அவருடைய சிலையைத் திறந்துவைத்த நிகழ்ச்சியே அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சியாக அமைந்தது.

அவர் மீண்டு வந்தார் என்று எழுதுவது இலகு. அதற்குப் பின்னால் இருந்தவற்றையும் எழுத வேண்டும். அவருக்கு ஒரு வழக்கு எண் இருந்தது. இன்ன சிறையில் இருக்கிறார் என்று மதுரத்துக்குத் தெரிந்திருந்தது. முறையிட மேலே ஒரு நீதிமன்றம் இருந்தது. அதற்கும் மேலே இன்னொன்று இருந்தது. அந்நிய ஆட்சியின் கீழ்க்கூட, தீர்ப்பு பிழை என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. மதுரத்தின் உழைப்புக்கு ஒரு திகதியில் பதில் கிடைத்தது.

பெரியம்மாவும் மதுரத்தைப் போலவே ஓயாமல் உழைத்தவர்தான். தையல் மெசினை மிதித்து மற்றப் பிள்ளைகளைப் படிப்பித்தார். ஆணைக்குழுக்களுக்கு முன்னால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வழக்கு எண் இல்லை, தீர்ப்பு இல்லை, மேன்முறையிட ஒன்றுமில்லை. மகன் எங்கே என்ற கேள்வி மட்டும் இருக்கிறது.

அவருடைய வீட்டிலும் வானொலி உண்டு. பழைய பாட்டுகள் போகும்போது சில வேளை சத்தத்தைக் கூட்டுவார். மகன் நன்றாகச் சிரிப்பான், சினிமாப் பகிடிகளை அப்படியே நடித்துக் காட்டுவான் என்று ஒருமுறை சொன்னார். பையில் அவர் கொண்டுபோகும் படத்திலும் அவன் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான்.