துணி துவைக்கும் தொட்டி தந்த காபி!



வீட்டில் துணி துவைப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அம்மாவோ அப்பாவோ அடுப்படியில் காபி போடுவதையும் பார்த்திருக்கிறீர்கள். இந்த இரண்டு வேலைகளுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டால் சிரிப்பீர்கள்!

ஆனால், தொடர்பு உண்டு என்று கண்டுகொண்ட ஒருவர் இத்தாலி நாட்டில் வாழ்ந்தார். அவர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி அல்லர். உலோகத்தை உருக்கி, அச்சில் வார்த்துப் பிழைத்த தொழிலாளி. காபிக் கடையில் மட்டுமே கிடைத்த கெட்டிக் காபியை, மின்சாரம்கூட இல்லாமல் ஏழை வீட்டு அடுப்பிலும் போடலாம் என்று காட்டியவர் அவர்தான். பெயர் அல்போன்சோ பியலெட்டி.

மலையடிவாரத்துச் சிறுவன்

இத்தாலியின் வடக்கே ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில் பீட்மாண்ட் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஓர்த்தா ஏரிக்குப் பக்கத்தில் உள்ள மோன்டேபூலியோ என்னும் சிற்றூரில், 1888-ஆம் ஆண்டு அல்போன்சோ பிறந்தார்.

அவர் பிறப்பதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு உலகில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. அதுவரை அலுமினியம் என்பது மிகவும் விலை உயர்ந்த உலோகம். மண்ணில் ஏராளமாக இருந்தாலும், அதைப் பிரித்தெடுப்பது அவ்வளவு கடினம். 1886-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் ஹால் என்பவரும், பிரான்சில் பால் ஹெரூ என்பவரும் தனித்தனியே, மின்சாரத்தின் உதவியால் அலுமினியத்தை எளிதாகப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தனர். விலை மளமளவென்று இறங்கியது. அலுமினியம் சாதாரண மக்களின் உலோகமாக மாறத் தொடங்கியது.

இளைஞரான அல்போன்சோ வேலை தேடிப் பிரான்சுக்குப் போனார். அங்கே அலுமினியத் தொழிலில் சுமார் பத்து ஆண்டுகள் உழைத்தார். ஒரு முக்கியமான வித்தையைக் கற்றுக்கொண்டார். அது என்ன தெரியுமா? உருக்கிய உலோகத்தை மணல் அச்சில் ஊற்றினால், ஒவ்வொரு முறையும் அச்சை உடைக்க வேண்டும். மறுபடி புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக உறுதியான உலோக அச்சில் ஊற்றினால், அதே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பொருளும் ஒரே அளவாக வரும், விலையும் குறையும்.

இந்தக் கைத்தொழிலோடு ஊர் திரும்பிய அல்போன்சோ, 1919-ஆம் ஆண்டு ஒமேஞ்யா நகரை ஒட்டிய குருசினல்லோவில் ஒரு சிறிய பட்டறையைத் தொடங்கினார். அலுமினியப் பொருள்களை வார்த்துக் கொடுத்து வந்தார்.

கடைக்குப் போனால்தான் காபி!

அந்தக் காலத்தில் இத்தாலியர்கள் நல்ல காபி குடிக்க எங்கே போனார்கள்? காபிக் கடைக்குத்தான்!

1901-ஆம் ஆண்டு மிலான் நகரைச் சேர்ந்த லூய்ஜி பெட்ஸேரா என்பவர், நீராவியின் அழுத்தத்தால் வெந்நீரைக் காபித்தூளுக்குள் வேகமாகச் செலுத்தும் இயந்திரத்தைச் செய்து காப்புரிமை பெற்றார். ஒரு கோப்பைக் காபி சட்டென்று இறங்கிவிடும். இதுதான் 'எஸ்பிரெஸ்ஸோ'. ஆனால், அந்த இயந்திரம் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய கொதிகலன். அதை இயக்கப் பழகிய ஆள் வேண்டும். வீட்டில் யாரால் வாங்கி வைக்க முடியும்?

வீடுகளில் வேறு மாதிரியான பாத்திரங்கள் இருந்தன. நேப்பிள்ஸ் நகரத்தார் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பின்பு அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். வெந்நீர் காபித்தூள் வழியே மெல்ல மெல்லச் சொட்டும். நம் வீட்டு ஃபில்டரிலும் டிகாக்ஷன் அப்படித்தானே மேலிருந்து கீழே சொட்டுகிறது? ருசியாக இருக்கும், ஆனால் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

கடைக் காபியைப் போல அழுத்தத்தால் இறங்கும் காபியை வீட்டிலேயே போட முடியுமா? மலிவாக முடியுமா? இதுதான் கேள்வி.

தொட்டியில் கிடைத்த விடை

அந்நாளில் அந்தப் பகுதிப் பெண்கள் துணி வெளுக்க ஒரு தொட்டியைப் பயன்படுத்தினார்கள். அடியில் சோப்புத் தண்ணீர், மேலே துணிகள், நடுவில் ஒரு குழாய். அடுப்பின் மேல் வைத்துச் சூடாக்கினால், அடியில் உள்ள தண்ணீர் கொதித்துக் குழாய் வழியே மேலே ஏறும். உச்சியில் பீறிட்டு, துணிகள் மேல் மழை போலப் பொழியும். யாரும் அள்ளி ஊற்றத் தேவையில்லை!

எத்தனையோ பேர் தினமும் பார்த்த தொட்டிதான் அது. அல்போன்சோவும் பார்த்தார். துணி இருக்கும் இடத்தில் காபித்தூள் இருந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் அவருக்கு அதிலிருந்துதான் பிறந்தது என்று சொல்லப்படுகிறது.

எண்ணம் வந்துவிட்டால் போதுமா? பாத்திரமாக மாற வேண்டுமே! மூடி இறுக வேண்டும், நீராவி கசியக் கூடாது, அழுத்தம் அதிகமாகி வெடித்துவிடவும் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் வழி செய்து, 1933-ஆம் ஆண்டு அந்தப் பாத்திரம் உருவானது. அதன் வடிவமைப்பில் லூய்ஜி டி போன்டி என்பவரின் பங்கும் உண்டு. பெயர் 'மோக்கா எக்ஸ்பிரஸ்'. மோக்கா என்பது செங்கடலோரம் ஏமன் நாட்டில் உள்ள துறைமுகம். ஒரு காலத்தில் உலகின் காபி வணிகத்துக்கே பேர் போன ஊர் அது.

உள்ளே என்ன நடக்கிறது?

மோக்கா பாத்திரத்தைப் பிரித்தால் மூன்று பகுதிகள் இருக்கும். அடியில் தண்ணீர் ஊற்றும் அறை. நடுவில் காபித்தூள் போடும் வடிகட்டி; அதன் அடியில் புனல் போன்ற நீண்ட குழாய். மேலே காபி வந்து சேரும் கூஜா போன்ற அறை. கீழ் அறையையும் மேல் அறையையும் திருகி இறுக்க வேண்டும்.

அடுப்பில் வைத்ததும் தண்ணீர் சூடாகிறது. கீழ் அறையில் அடைபட்ட காற்று விரிவடைகிறது, நீராவியும் சேர்கிறது. இரண்டுக்கும் வெளியே போக வழியில்லை. ஆகவே அவை தண்ணீரை அழுத்துகின்றன. தண்ணீருக்கு இருக்கும் ஒரே வழி அந்தப் புனல்தான். அதில் ஏறி, காபித்தூளைத் துளைத்துக்கொண்டு, மேல் அறைக்குள் 'களக் களக்' என்ற சத்தத்துடன் காபியாகக் கொட்டுகிறது!

நம் பிரஷர் குக்கரில் அழுத்தம் மிஞ்சிப் போனால் காப்பாற்ற ஒரு வால்வு இருக்கிறது அல்லவா? அதுபோலவே இதன் கீழ் அறையிலும் ஒரு சிறிய வால்வு உண்டு. சூட்டைத் தாங்கும் பேக்கலைட்டில் செய்த கைப்பிடியும் உண்டு. உடல் முழுவதும் எட்டுப் பட்டை. பார்க்க அழகு, திருகும்போது கை வழுக்காமல் பிடிக்கவும் வசதி.

மின்சாரம் வேண்டாம். இயக்கத் தனி ஆள் வேண்டாம். உலோக அச்சில் வார்த்த அலுமினியம் என்பதால் விலையும் குறைவு.

சந்தையில் கடை விரித்தார்

இத்தனை சிறப்பு இருந்தும், மோக்கா உடனே உலகப் புகழ் பெற்றுவிடவில்லை. அல்போன்சோ கைத்திறன் மிக்கவர். ஆனால் விளம்பரம் செய்து விற்பதில் அவர் கவனம் செல்லவில்லை. சுற்றுவட்டாரச் சந்தைகளில் கடை விரித்து விற்றார். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் மொத்தம் சுமார் 70,000 பாத்திரங்களே விற்றன. பீட்மாண்டைத் தாண்டினால் அதன் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

1940-ஆம் ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. காபிக்கொட்டை கிடைப்பது அரிதாயிற்று. அலுமினியம் விமானங்களுக்கும் போர்க்கருவிகளுக்கும் போயிற்று. மோக்கா தயாரிப்பு நின்றது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று அந்தக் குடும்பத்தைச் சூழ்ந்தது. அல்போன்சோவின் மகன் ரெனாட்டோ, ஜெர்மானியரின் போர்க் கைதி முகாமில் அடைபட்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள்! பட்டறை முடங்கிவிட்டது. மகன் திரும்பி வருவானா என்றும் தெரியாது. மோக்காவின் கதை அத்தோடு முடிந்திருக்கலாம்.

மகன் வந்தார்

முடியவில்லை! போர் ஓய்ந்த பின் ரெனாட்டோ உயிருடன் ஊர் திரும்பினார். 1946-ஆம் ஆண்டு தந்தையின் தொழிலில் பொறுப்பேற்றார்.

பட்டறையில் செய்து வந்த பலவகைப் பொருள்களை அவர் நிறுத்தினார். தந்தையின் மோக்கா ஒன்றே போதும் என்று துணிந்தார். வெவ்வேறு அளவுகளில் அதைச் செய்யத் தொடங்கினார். மிலான் நகரில் ஆண்டுதோறும் நடந்த வணிகப் பொருட்காட்சியின்போது ஊரெங்கும் விளம்பரம் வைத்தார். மக்கள் வியக்கும்படி ராட்சத மோக்கா பாத்திரத்தை நிறுத்தி வைத்தார்.

1953-ஆம் ஆண்டு பால் கம்பானி என்ற ஓவியர் ஒரு கேலிச்சித்திரம் வரைந்து கொடுத்தார். பெரிய கறுப்பு மீசை வைத்த குட்டி மனிதர் ஒருவர், கடையில் காபி கேட்பது போல ஒரு விரலை உயர்த்தி நிற்பார். பின்னாளில் தொலைக்காட்சி விளம்பரத்திலும் வந்த அந்த 'மீசைக்கார மாமா'வை இத்தாலியக் குழந்தைகள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று! இன்றும் மோக்கா பாத்திரத்தின் மேல் அந்தப் படத்தைக் காணலாம்.

விற்பனை லட்சங்களைத் தாண்டிக் கோடிகளை எட்டியது. இத்தாலி வீடுகளில் அடுப்பு இருந்தால் மோக்காவும் இருக்கும் என்ற நிலை வந்தது.

இதுவும் எஸ்பிரெஸ்ஸோவா?

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? மோக்கா பிறந்த 1933-ல் கடை இயந்திரங்களும் நீராவி அழுத்தத்தில்தான் இயங்கின. ஆகவே, வீட்டுக் காபிக்கும் கடைக் காபிக்கும் இடைவெளி அவ்வளவு பெரிதாக இல்லை. 1940-களின் இறுதியில் மிலான் நகரின் அக்கில்லே காஜ்ஜா என்பவர், நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்ட இயந்திரத்தைப் புகுத்தினார். கைப்பிடியை இழுத்து விட்டால், வில்லின் விசை உந்துதண்டைத் தள்ளி, வெந்நீரைக் காபித்தூளுக்குள் பல மடங்கு அழுத்தத்துடன் செலுத்தும். காபியின் மேல் பொன்னிற நுரை படியும். அன்றிலிருந்து அந்த நுரைக் காபியைத்தான் எஸ்பிரெஸ்ஸோ என்கிறார்கள்.

அதற்குத் தேவையான அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 9 மடங்கு. மோக்காவில் கிடைப்பதோ ஒன்றிரண்டு மடங்குதான். ஆகையால் மோக்கா காபி கெட்டியாக இருக்கும்; ஆனால் அந்த நுரை இருக்காது. 1961-ல் லா பவோனி நிறுவனம் வீட்டுக்கென்றே நெம்புகோல் வைத்த சிறிய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வெந்நீரை ஊற்றிக் கையாலேயே அழுத்தும் எளிய கருவிகளும் இப்போது வந்துவிட்டன. இருந்தும், விலை குறைந்த மோக்காவுக்கு அடுப்படியில் உள்ள இடம் போய்விடவில்லை.

நிலைத்த பெயர்

அல்போன்சோ பியலெட்டி 1970-ஆம் ஆண்டு, தம் 81-ஆவது வயதில் ஒமேஞ்யாவில் காலமானார். சந்தையில் அவர் கூவி விற்ற பாத்திரம் இன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அவருடைய மகள் வயிற்றுப் பேரன் அல்பெர்ட்டோ அலெஸ்ஸியும் வீட்டுப் பாத்திரங்களின் அழகிய வடிவமைப்பில் பெயர் பெற்றவர்.

மகன் ரெனாட்டோ 2016-ஆம் ஆண்டு 93 வயதில் மறைந்தார். அவருடைய அஸ்தியை எதில் வைத்து வழியனுப்பினார்கள் தெரியுமா? ஒரு பெரிய மோக்கா பாத்திரத்தில்! நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறு கைகளுக்கு மாறிவிட்டது. ஆனால், தந்தை செய்ததையும் அதை ஊரறியச் செய்த மகனையும் யாரும் மறக்கவில்லை.

குழந்தைகளே, நல்ல பொருளைச் செய்ய அல்போன்சோவின் கண்களும் கைகளும் தேவைப்பட்டன. அது மக்களைச் சென்றடைய ரெனாட்டோவின் ஊக்கம் தேவைப்பட்டது. இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் மோக்கா ஒரு சந்தைக் கடையோடு நின்றிருக்கும்.

அடுத்த முறை வீட்டில் குக்கர் விசிலடிக்கும்போதும், பால் பொங்கும்போதும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அடுப்பின் அருகே மட்டும் பெரியவர்கள் துணையில்லாமல் போகாதீர்கள்! ஏன் இப்படி நடக்கிறது, இதை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். துணித் தொட்டியில் காபியைக் கண்டவரும் அப்படித்தான் தொடங்கினார்!