சுவடி காத்த தாமோதரனார்

நூல்கள் எல்லாம் அச்சு வடிவில் எளிதிற் கிடைக்கும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். தொல்காப்பியத்தையோ கலித்தொகையையோ கற்க விரும்பும் மாணவர் நூல்நிலையத்திற் புகுந்து கேட்ட அளவில் அவற்றைப் பெறலாம். ஆயின், நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் நிலைமை இவ்வாறு இல்லை. பழந்தமிழ் நூல்களுட் பல பனையோலைச் சுவடிகளாகவே மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் முடங்கிக் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, ஒப்புநோக்கி, அச்சேற்றி, அழியாமற் காத்த பெருமக்களுள் முன்னணியில் நிற்பவர் சி. வை. தாமோதரம் பிள்ளை ஆவார்.

ஈழநாட்டின் வடபால் விளங்கும் யாழ்ப்பாணத்தில், சிறுப்பிட்டி என்னும் சிற்றூரில், 1832-ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். தந்தையார் வைரவநாதர், தாயார் பெருந்தேவி அம்மையார். தந்தையாரே இவருக்கு முதல் ஆசிரியராய் அமைந்து, தமிழின் அடிப்படை நூல்களைக் கற்பித்தார். பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் இலக்கிய இலக்கணங்களை இவர் முறையாகப் பயின்றார்.

அக்காலத்தில் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக் கழகம் இயங்கிவந்தது. அமெரிக்க நாட்டுச் சமயத்தொண்டர் 1823-ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். டானியல் பூவர் என்பார் அதன் முதல் தலைவர். மாணவர் தொகையால் அது சிறியது. கற்பித்த கலைகளின் பரப்பாலோ மிகப் பெரியது. ஆங்கிலம், கணிதம், வானநூல், அளவைநூல், மெய்ந்நூல் ஆகியவற்றோடு தமிழ் இலக்கிய இலக்கணங்களும் ஆங்குக் கற்பிக்கப்பட்டன. மேலைநாட்டுக் கலைகளைக் கற்பவர் தாய்மொழியை மறத்தல் வேண்டுவதில்லை என்பதற்கு அக்கழகம் ஒரு சான்றாய் விளங்கிற்று. தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்துப் பாவலர் சரித்திர தீபகம் என்னும் நூலை 1886-இல் வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளையும் அதன் மாணவரே. தாமோதரனார் தம் பன்னிரண்டாம் அகவையில் அங்குச் சேர்ந்து, 1852-ஆம் ஆண்டுவரை பயின்றார்.

கல்வி முடிந்ததும் கோப்பாய் என்னும் ஊரில் ஆசிரியப் பணி ஏற்றார். இருபதை ஒட்டிய அவ்விளம் பருவத்திலேயே நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டார். இவருடைய புலமையை உணர்ந்த பெர்சிவல் என்னும் பாதிரியார், தாம் சென்னையில் நடத்திவந்த தினவர்த்தமானி என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்குமாறு இவரை அழைத்தார். கடல் கடந்து சென்னை புகுந்த தாமோதரனார், இதழ்ப்பணியோடு மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராகவும் விளங்கினார்.

1857-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டிலேயே அது முதன்முதலாகப் பி.ஏ. தேர்வை நடத்தியது. அத்தேர்வில் வெற்றி பெற்றோர் இருவர். ஒருவர் தாமோதரம் பிள்ளை. மற்றவர் கறோல் விசுவநாத பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையைச் சார்ந்தவர்கள். விசுவநாத பிள்ளை அங்குத் தாமோதரனார்க்கு ஆசிரியராகவும் இருந்தவர். அவர்களை உருவாக்கிய கழகமோ அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1855-இல், மூடப்பட்டுவிட்டது. ஆங்கிலம் கற்றோர் அரசுப் பணியையே நாடுகின்றனர், சமயப்பணிக்கு வருவோர் அரியர் என்பது அதனை நடத்தியோர் கண்ட குறை. விளக்கு அணைந்த பின்னரும் அது ஏற்றிய சுடர்கள் ஒளிவீசின. அக்கழகத்தின் வழியிலேயே 1872-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி மலர்ந்தது.

பட்டம் பெற்ற தாமோதரனார் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் அமர்ந்து, படிப்படியாக உயர்ந்தார். அலுவலுக்கு இடையே சட்டம் பயின்று, 1871-இல் பி.எல். பட்டமும் பெற்றார். ஐம்பதாம் அகவையில் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞர் ஆனார். பின்னர்ப் புதுக்கோட்டை அரசின் நீதிபதியாகவும் பணிபுரிந்தார். இப்பதவிகளால் வந்த செல்வத்தைக் கொண்டு அவர் வளமனையில் இன்புற்று வாழ்ந்திருக்கலாம். அவர் உள்ளமோ ஓலைச்சுவடிகளையே நாடிற்று.

சுவடிகளின் நிலை அன்று இரங்கத்தக்கதாய் இருந்தது. பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் அதனை அரிக்கும். முதுமையுற்ற ஏடு கைபட்ட அளவிலே பொடிந்து உதிரும். பழுதுறுமுன் வேறோர் ஓலையிற் படியெடுத்தால்தான் நூல் உயிர்வாழும். படியெடுப்பாரும் கற்பாரும் அருகவே, நூல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பொருள் உணராத சிலர், முன்னோர் ஈட்டிய சுவடிகளை ஆற்றிலும் நெருப்பிலும் இட்டு அழித்தனர்.

எஞ்சிய ஏடுகளைப் படிப்பதும் எளிதன்று. அவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே தோன்றும். செய்யுள் எது, உரை எது என்று பிரித்தறிதலும் கடினம். ஒரு சொல்லின் உண்மை வடிவை உறுதிசெய்யப் பல படிகளை அருகருகே வைத்து ஒப்பிடல் வேண்டும். தாமோதரனார் ஊர்தோறும் தேடியும், மடங்களையும் அறிஞர்களையும் வேண்டியும் படிகளைத் தொகுத்தார். பகலில் அலுவல், இரவில் ஏட்டாராய்ச்சி என அவர் வாழ்நாள் கழிந்தது.

அவ்வுழைப்பின் பயனாக வீரசோழியம் 1881-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இறையனார் அகப்பொருள் 1883-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே தணிகைப் புராணமும் அச்சேறியது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் விளங்கும் திருத்தணிகை மலையின் பெருமையைக் கச்சியப்ப முனிவர் பாடிய நூல் அது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் தொண்டைநாட்டு மலையொன்றின் புராணத்தை அச்சேற்றினார் எனின், தமிழ் வழங்கும் நிலம் முழுவதையும் அவர் தம் ஊராகவே கருதினார் என்பது விளங்கும். 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் உரையுடன் வந்தது. 1887-இல் கலித்தொகை வந்தது. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது இதுவே. பின்னர் இலக்கண விளக்கம், சூளாமணி முதலியனவும் வெளிவந்தன.

இப்பணியில் அவர் அடைந்த இடர்கள் பல. அச்சுக்கூலியும் தாள்விலையும் பெரும்பொருளை விழுங்கின. விலை கொடுத்து வாங்குவோரோ சிலரே. இதனினும் கொடியது அறிஞர் சிலரின் இகழ்ச்சி. பிழைகள் மலிந்த பதிப்பு என்று அவர்கள் பழித்தனர். பிழையறத் திருத்திய பின்னரே வெளியிடுவோம் என்று காத்திருந்தால், திருத்துவதற்கு நூலே இராது என்பதைத் தாமோதரனார் உணர்ந்திருந்தார். பிழையைப் பின்வருவோர் திருத்திக்கொள்ளலாம். அழிந்த ஏட்டை மீட்பார் யாவர்? ஆதலின், தமக்கு வரும் பழியைப் பொருட்படுத்தாது நூல்களை வெளியிட்டார். தமக்கு ஐயமான இடங்களை மறையாது முன்னுரைகளில் எடுத்துரைத்தார்.

அவர் எண்ணியவாறே நிகழ்ந்தது. பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியர் உரை என்று கருதியே அவர் பதிப்பித்தார். அதன் இறுதி நான்கு இயல்களின் உரை பேராசிரியர் இயற்றியது என்பதை ரா. இராகவையங்கார் பின்னர் ஆராய்ந்து காட்டினார். நூல் அச்சில் கிடைத்தமையால் அன்றோ அவ்வாராய்ச்சி கைகூடிற்று! சீவக சிந்தாமணி முதலியவற்றைச் செம்மையாகப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் பிறரும் இத்துறையைப் பின்னும் விரிவாக்கினர்.

தாமோதரனார் பள்ளி மாணவர்க்கு வாசகப் புத்தகங்கள் எழுதினார். யாழ்ப்பாணத்து ஏழாலையில் ஒரு பள்ளியும் நிறுவினார். அரசினர் 1895-இல் அவர்க்கு இராவ் பகதூர் என்னும் பட்டம் வழங்கினர். இருபதாம் நூற்றாண்டின் முதல் நாளாகிய 1901-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளன்று, அறுபத்தெட்டாம் அகவையில், அவர் சென்னையில் இயற்கை எய்தினார்.

பட்டமும் பதவியும் பெற்றோர் உலகில் பலர். தாம் பெற்ற கல்வியைத் தம் மொழிக்கே மீண்டும் வழங்கியோர் சிலர். அச்சிலருள் ஒருவராகிய தாமோதரனாரின் தொண்டினால்தான் பழந்தமிழ்ச் செல்வத்தின் ஒரு பகுதி இன்று நம் கையில் உள்ளது. அந்நூல்களை நாம் பிழையறக் கற்பதும், நம் ஊர்களில் எஞ்சியுள்ள சுவடிகளைப் பேணுவதுமே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.