ஏடு தேடிய பாதிரியார்: அல்போன்ஸ் மிங்கானா (1878–1937)

நமது சங்கத்தின் பொன்விழா மலரில் ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரின் வரலாறு இடம்பெறுவதைக் கண்டு சிலர் வியப்படையக்கூடும். மலர்க்குழுவிலும் அந்தக் கேள்வி எழத்தான் செய்தது. காயல்பட்டினத்து சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களைப் பற்றியும் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களைப் பற்றியும் எழுத எவ்வளவோ இருக்க, இவர் எதற்கு என்று மூத்த அங்கத்தினர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். 2015 ஆம் ஆண்டு ஜூலை மாதம் உலகெங்கும் முஸ்லிம் வீடுகளில் பேசப்பட்ட பர்மிங்காம் திருக்குர்ஆன் ஏடுகளை நம்மில் பலரும் நினைவில் வைத்திருப்போம். கைப்பேசிக்குக் கைப்பேசி அந்தப் படம் பறந்தது. ஆனால் அந்த ஏடுகள் இங்கிலாந்தில் ஓர் இறையியல் கல்லூரி நூலகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று கேட்டவர் குறைவு. அதற்கு விடை தேடினால் இந்த மனிதரின் வாழ்க்கையில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது.

மிங்கானா இன்றைய ஈராக்கின் வடக்கே, ஜாக்கோ நகரை அடுத்த மலைக் கிராமம் ஒன்றில் 1878 இல் பிறந்தார். அப்போது அது உதுமானியத் துருக்கி ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. பெற்றோர் கல்தேய கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். ஹுர்முஸ் என்பது இயற்பெயர். மோசூல் நகரில் டொமினிக்கன் துறவிகள் நடத்திய குருமடத்தில் படித்து, 1902 இல் பாதிரியாராகி, அங்கேயே சுரியானி மொழி ஆசிரியரானார். சுரியானி என்பது நபி ஈசா (அலை) அவர்கள் பேசிய அரமேய மொழியின் ஒரு கிளை. அக்காலக் கிழக்குத் திருச்சபைகளின் வேதமொழியும் அதுவே. அரபும் அவருக்கு நன்கு கைவந்தது. மஸ்ஜிதும் மாதா கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்ற ஊரில் வளர்ந்தவர் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

அந்த நாட்களிலேயே ஒரு கறை அவர் பெயரில் படிந்துவிட்டது. அர்பேலா நகரத்துத் திருச்சபையின் வரலாறு என்று ஒரு சுரியானி நூலை அவர் வெளியிட்டார். அதன் ஏடு பெர்லின் அரச நூலகத்துக்கு விற்கப்பட்டது. அந்த ஏடு மிகப் பழையது போலத் தோன்றும்படி செய்யப்பட்டது என்று பிற்கால அறிஞர்கள் குற்றஞ்சாட்டினர். நூலே போலி என்றவர்களும் உண்டு. இல்லை, நூல் பழையதுதான் என்று வாதிட்டவர்களும் உண்டு. வழக்கு இன்றுவரை முழுமையாகத் தீரவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுதுவது முறையல்ல என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

திருச்சபை மேலிடத்தோடு பிணக்கு ஏற்பட்டு, குருமடத்தை விட்டு வெளியேறினார். 1913 இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். பர்மிங்காம் நகரின் செல்லி ஓக் பகுதியில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திய உட்புரூக் என்னும் கல்வி நிலையம் அவருக்கு இடம் தந்தது. அங்கே படிக்க வந்திருந்த நார்வே நாட்டுப் பெண் ஒருவரை 1915 இல் மணந்தார். அதே ஆண்டில் மான்செஸ்டர் நகரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் கீழைநாட்டு ஏடுகளைப் பட்டியலிடும் வேலை கிடைத்தது. 1932 வரை அந்த வேலையில் இருந்தார்.

அவர் மான்செஸ்டரில் வேலைக்கு அமர்ந்த அந்த 1915 ஆம் ஆண்டு, அவர் பிறந்த மண்ணில் பேரழிவு நடந்தது. முதல் உலகப் போரின் நடுவே கிழக்குக் கிறிஸ்தவ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். சீர்த் நகரின் கல்தேயப் பேராயர் அத்தாய் ஷேர் என்பவர் பெரிய அறிஞர். தம் ஏட்டுத் தொகுப்பு முழுவதையும் பட்டியலிட்டு அச்சிட்டு வைத்தவர். அவரும் கொல்லப்பட்டார், தொகுப்பும் அழிந்தது. பட்டியல் மட்டும் மிஞ்சியது. மிங்கானா பின்னாளில் ஏடு தேடிப் புறப்பட்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்ப்பதே சரி என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி நம்மைத் தொடும் பகுதிக்கு வருவோம். திருக்குர்ஆனைப் பற்றி மிங்கானா எழுதியவை நமக்கு இனிப்பானவை அல்ல. 1914 இல் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ் என்னும் அம்மையாருடன் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அந்த அம்மையார் சூயஸில் விலைக்கு வாங்கிய பழைய தோல் ஏடு ஒன்றில், முதலில் திருக்குர்ஆன் எழுதப்பட்டு, பின் அது அழிக்கப்பட்டு, மேலே கிறிஸ்தவச் சொற்பொழிவுகள் எழுதப்பட்டிருந்தன. தோல் விலை மிகுந்த பொருளாகையால், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதுவது அக்கால வழக்கம். அடியில் மங்கித் தெரிந்த எழுத்துக்களில் இன்றைய ஓதலிலிருந்து வேறுபட்ட சொற்கள் இருப்பதாக இருவரும் எழுதினர். அடுத்து மிங்கானா இன்னும் ஒரு படி மேலே போனார். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் யாரும் திருக்குர்ஆன் என்ற நூலைக் குறிப்பிடவில்லை. ஆகவே கலீஃபா அப்துல் மலிக் ஆட்சியில், கி.பி. 685 க்குப் பிறகுதான், ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃபின் முயற்சியால் அது நூல் வடிவம் பெற்றது என்று கட்டுரை எழுதினார்.

அபூபக்கர் (ரலி) அவர்கள் காலத்தில் ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்கள் திரட்டியதும், உதுமான் (ரலி) அவர்கள் காலத்தில் பிரதிகள் எடுத்து நாடுகளுக்கு அனுப்பியதும் நம் வீட்டுக் குழந்தைகள் மத்ரஸாவில் படிக்கும் பாடம். அதையெல்லாம் பிற்காலக் கதை என்று ஒதுக்கியவர் மிங்கானா. அடுத்த வீட்டுக்காரன் என் வீட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை, ஆகவே பத்திரமே இல்லை என்று சொல்வது போன்ற வாதம் இது என்பது நம் கருத்து.

இத்தகையவர்தான் நம் ஏடுகளைக் காத்துத் தந்தவரும். சாக்லேட்டுக்குப் பெயர் பெற்ற கேட்பரி குடும்பத்தைச் சேர்ந்த எட்வர்ட் கேட்பரி, குவேக்கர் பக்தர், அவருக்குப் பணம் தந்தார். 1924, 1925, 1929 ஆகிய ஆண்டுகளில் மிங்கானா மூன்று முறை கிழக்கே பயணம் போனார். சிரியா, ஈராக், குர்திஸ்தான் மலைகள், கடைசிப் பயணத்தில் சினாயும் எகிப்தும். மடங்களிலும் ஊர்ப் பெரியவர்களிடமும் வியாபாரிகளிடமும் ஏடுகளை வாங்கினார். ஐரோப்பாவின் ஏட்டு வணிகர்களிடமும் வாங்கினார். கிறிஸ்தவ ஏடுகள் மட்டும் போதும் என்று அவர் நிறுத்தவில்லை. திருக்குர்ஆன் பிரதிகள், ஹதீஸ், ஃபிக்ஹு, மருத்துவம், இலக்கணம் எல்லாம் வந்து சேர்ந்தன. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் மூவாயிரத்துக்கும் அதிகமான ஏடுகள் கொண்டது அந்தத் தொகுப்பு. மிஷனரிகளைப் பயிற்றுவித்த செல்லி ஓக் கல்லூரிகளின் நூலகத்தில் அது வைக்கப்பட்டது. 1932 இல் மிங்கானாவே அதன் காப்பாளராகி, ஒவ்வோர் ஏடாக எடுத்து அளவு, வரி எண்ணிக்கை, எழுதியவர் பெயர் என்று குறிக்கத் தொடங்கினார். பட்டியலின் முதல் பாகம் 1933 இலும் இரண்டாம் பாகம் 1936 இலும் வந்தன. 1937 டிசம்பர் 5 ஆம் நாள் அவர் காலமானார். மூன்றாம் பாகம் அவர் மறைவுக்குப் பிறகு வெளிவந்தது. இஸ்லாமிய அரபு ஏடுகளின் பட்டியலைப் பிறர்தான் எழுதி முடித்தனர்.

பட்டியலில் ஏறிவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று பொருளில்லை. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நாகூரிலிருந்தும் கப்பலேறி வந்த நம் பெரியவர்கள் பெட்டியில் கொண்டுவந்த அரபுத் தமிழ் கிதாபுகளும் மவ்லிது கிதாபுகளும் பல வீடுகளில் வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. ஒற்றை ஏடுகள் கழன்று வேறு கிதாபுக்குள் புகுந்திருக்கும். திறந்து பார்ப்பவர்தான் இல்லை. செல்லி ஓக்கிலும் அதுவே நடந்தது. ஒன்பது தோல் ஏடுகள் ஒரே திருக்குர்ஆன் பிரதியைச் சேர்ந்தவை என்று கருதப்பட்டு, 1572 என்னும் எண்ணின் கீழ் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. எழுத்து ஒன்றுபோலவே இருந்ததால் வந்த மயக்கம். செல்லி ஓக் கல்லூரிகள் 1999 இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது ஏடுகளும் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தன.

அங்கே முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்த இத்தாலியப் பெண்மணி அல்பா ஃபெடேலி, அந்த ஒன்பதில் இரண்டு ஏடுகள் மட்டும் வேறொரு பிரதியைச் சேர்ந்தவை என்று கண்டார். வரிகளின் அமைப்பையும் எழுத்தின் சாய்வையும் பொறுமையாக ஒப்பிட்டுக் கண்டது அது. அதன் உடன்பிறப்பான 16 ஏடுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவை எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் பெயரால் விளங்கும் பள்ளிவாசலிலிருந்து வந்தவை. மிங்கானாவும் லூயிஸ் அம்மையாரும் படித்த அந்த அழித்தெழுதிய ஏட்டையும் இவரே புதிய படக் கருவிகளின் துணையோடு மீண்டும் படித்தார். அவர்கள் கண்டதாகச் சொன்ன வேறுபாடுகள் பலவற்றை ஏட்டில் உறுதி செய்ய முடியவில்லை.

இரண்டு ஏடுகளின் தோலிலிருந்து சிறு துண்டு எடுத்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடத்தில் கார்பன் பரிசோதனை செய்தனர். விலங்கு உயிரோடு இருக்கும்வரை அதன் உடலில் சேரும் ஒருவகைக் கார்பன், அது இறந்த பின் சீராகக் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால் காலம் தெரியும். கிடைத்த விடை, 95.4 விழுக்காடு நம்பகத்துடன் கி.பி. 568 க்கும் 645 க்கும் இடைப்பட்ட காலம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தானது 632 இல். உதுமான் (ரலி) அவர்கள் கலீஃபா ஆனது 644 இல்.

2015 ஜூலை 22 அன்று இச்செய்தி வெளியானதும் இரு பக்கமும் அவசரப்பட்டனர். இது அபூபக்கர் (ரலி) அவர்களின் பிரதியே என்று சிலர் பரப்பினர். 568 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, நபிக்கு முன்பே திருக்குர்ஆன் இருந்தது என்று வேறு சிலர் எழுதினர். இரண்டும் தவறு. பரிசோதனை சொல்வது ஆட்டின் அல்லது கன்றின் வயதைத்தான், மையின் வயதை அல்ல. எழுத்தின் பாணியை வைத்துச் சற்றுப் பிந்திய காலம் சொல்லும் அறிஞர்களும் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், அப்துல் மலிக் காலத்துக்கு முன் நூலே இல்லை என்ற வாதத்துக்கு அந்த இரண்டு ஏடுகளும் கடினமான கேள்வியாக நிற்கின்றன. அவை நின்ற இடம் மிங்கானாவின் சொந்த அலமாரி.

அந்த ஏடுகளில் என்ன இருக்கிறது என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் அல் கஹ்ஃபு சூராவின் 17 முதல் 31 வரையிலான ஆயத்துகள், குகைத் தோழர்களின் வரலாறு வரும் இடம் உட்பட. மர்யம் சூராவின் இறுதி. தாஹா சூராவின் முதல் நாற்பது ஆயத்துகள். உமர் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய வரலாற்றில் நாம் கேட்டு வளர்ந்த அதே சூரா. ஹிஜாஸி எழுத்து வலப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறது. ஸபரு, ஸேரு குறிகள் இல்லை. அலிஃப் பல இடங்களில் விடுபட்டிருக்கிறது. ஆயத்து முடியும் இடத்தில் சிறு புள்ளிகளின் கூட்டம். மனனம் செய்த ஹாஃபிழ் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால், எழுத்து பழகச் சிறிது நேரம் ஆகும். பிறகு தடையின்றி ஓதிக்கொண்டு போய்விடுவார்.

அதே ஆண்டு அக்டோபரில் ஏடுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது பர்மிங்காம் முஸ்லிம்கள் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தனர். இப்போது அவை அந்தப் பல்கலைக்கழகத்தில், பணம் தந்தவரின் குடும்பப் பெயரால் விளங்கும் கேட்பரி ஆய்வு நூலகத்தில் உள்ளன. இரண்டு ஏடுகளுக்கும் தனி எண் கொடுத்திருக்கிறார்கள்: மிங்கானா, இஸ்லாமிய அரபு, 1572 அ.