முதலை வீரர்!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வசிக்கும் சுட்டிகளுக்கு, தோல் பொருட்கள் புதிதல்ல. ஆட்டுத்தோல், மாட்டுத்தோலில் செய்த ஷூ, பை எல்லாம் அங்கிருந்து பல நாடுகளுக்குப் போகின்றன. ஆனால், கைக்கு வராமலே போன ஒரு தோல் பெட்டியால் பெயர் பெற்றவரைத் தெரியுமா? அவர்தான் ரெனே லாகோஸ்ட்!

பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில், 1904, ஜூலை 2ல் பிறந்தார். 15 வயதில்தான் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தார். உடல் பலம் அதிகம் இல்லை. அதனால், மூளையை நம்பினார். எதிராளிகள் எப்படி ஆடுகின்றனர், எங்கே தடுமாறுகின்றனர் என்று கவனித்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார்.

1923ல் டேவிஸ் கோப்பை போட்டிக்காக, அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். அங்கே ஒரு கடையில், முதலைத் தோல் பெட்டி அவர் கண்ணில் பட்டது. முக்கியமான ஓர் ஆட்டத்தில் ஜெயித்தால், அதை வாங்கித் தருவதாகப் பந்தயம் கட்டினார் அணித் தலைவர். லாகோஸ்ட் தோற்றுப் போனார், பெட்டியும் கிடைக்கவில்லை. ஆனால், பிடித்த பிடியை விடாமல் போராடியதைப் பார்த்த பத்திரிகையாளர், அவரை முதலையோடு ஒப்பிட்டு எழுதினார். அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ராபர்ட் ஜார்ஜ் என்ற நண்பர் வரைந்து தந்த முதலைப் படத்தை, தன் கோட்டில் தைத்துக்கொண்டார் லாகோஸ்ட்.

பிறகு வெற்றிகள் குவிந்தன. பிரெஞ்சு பட்டம் மூன்று, விம்பிள்டன் இரண்டு, அமெரிக்கப் பட்டம் இரண்டு. 1920 முதல் அமெரிக்காவிடமே இருந்த டேவிஸ் கோப்பையை, 1927ல் பிரான்ஸ் அணி பறித்தது. அந்த அணியில், அமெரிக்காவின் புகழ்பெற்ற வீரர் டில்டனை வீழ்த்தியவர் லாகோஸ்ட்.

ஆனால், உடல் ஒத்துழைக்கவில்லை. 1929ல், 24 வயதில் பிரெஞ்சு பட்டம் வென்றதோடு, நோய் காரணமாகப் பெரிய போட்டிகளில் இருந்து ஒதுங்க வேண்டியதாயிற்று. ஆட்டம் போனால் அடுத்து என்ன?

விளையாடும்போதே ஒரு தொல்லையை அவர் கவனித்திருந்தார். அன்றைய வீரர்கள் நீளக்கை சட்டையில், வியர்த்து வழிய ஆடினர். லாகோஸ்ட், காற்று புகும்படி பின்னிய பருத்தித் துணியில், அரைக்கை சட்டை தைத்து அணிந்தார். 1933ல், பின்னலாடை ஆலை நடத்திய ஆந்த்ரே ஜிலியேயோடு சேர்ந்து, அதே சட்டையை விற்கத் தொடங்கினார். உலகமே பொருளாதார நெருக்கடியில் தவித்த நேரம் அது! சட்டையின் மார்பில், வெளியே தெரியும்படி முதலைச் சின்னம். அந்நாளில் அது புதுமை. வெள்ளையில் மட்டுமே வந்த சட்டைகள், 1951 முதல் பல நிறங்களில் வந்தன.

அவர் கவனிப்பதை நிறுத்தவே இல்லை. தனியாகப் பயிற்சி செய்ய, பந்து வீசும் இயந்திரத்தை உருவாக்கினார். மர மட்டைகள் புழங்கிய காலத்தில், எஃகு மட்டையை வடிவமைத்தார். அந்த வகை மட்டையால்தான், 1974ல் விம்பிள்டன் வென்றார் அமெரிக்க வீரர் ஜிம்மி கானர்ஸ்.

1996, அக்டோபர் 12ல், 92ம் வயதில் காலமானார் லாகோஸ்ட். தோற்ற ஆட்டம் தந்த முதலை, இன்றும் சட்டைகளில் வாய் பிளந்து நிற்கிறது. கடையில் பார்த்தால், அந்த நோட்டுப் புத்தகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள் சுட்டிகளே!