இராமன் கற்ற கலையும் கல்லாத கலையும்

படிப்பு முடிந்து வேலைக்குச் செல்லும் நாள் நெருங்க நெருங்க, நம் மாணவர் உள்ளத்தில் ஓர் அச்சம் குடிபுகுகிறது. பாடம் தெரியும், கணக்குத் தெரியும், சோதனைச்சாலையில் கையும் பழகியிருக்கிறது. ஆனால் நாலு பேர் முன்னிலையில் எழுந்து, தெரிந்ததைத் தெளிவாகச் சொல் என்றால் நா எழுவதில்லை. நேர்முகத் தேர்வு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வாடிவிடுகிறது. பேச்சுத் திறமை வழக்கறிஞருக்கும் அரசியல்வாதிக்கும் வேண்டியது. விஞ்ஞானம் படித்தவனுக்கு அது எதற்கு என்று கேட்போரும் நம்மிடையே உண்டு.

அவர்களுக்கு விடையாக ஓர் அறிஞரின் வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர் தமிழர். நம்மைப் போலவே பிறந்த ஊரை விட்டு வெளியூரில் வளர்ந்தவர். வாழ்நாளின் கடைசி 37 ஆண்டுகளை இந்தப் பெங்களூரிலேயே கழித்தவர். அவர்தாம் சர் சி. வி. இராமன். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அவர் பிறரோடு பேசியும் எழுதியும் பழகியும் வாழ்ந்த முறையைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று அவர் பெற்ற வெற்றியில் இருக்கிறது. மற்றொன்று அவர் பட்ட துன்பத்தில் இருக்கிறது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் ஆசிரியர். கணக்கும் பௌதிகமும் கற்பித்தவர். தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைக்கவே, குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளின் நடுவே சிறுவன் வளர்ந்தான். பதினோராம் வயதிலேயே மெட்ரிக்குலேஷன் தேறினான். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904-இல் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றான். அத்தேர்வில் இராமன் பெற்ற தங்கப் பதக்கங்கள் இரண்டு. ஒன்று பௌதிகத்துக்கு, மற்றொன்று ஆங்கிலத்துக்கு. இரண்டாவது பதக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம். பௌதிகத்தில் தேர்ந்தவர் மொழியையும் அதே அளவு உழைத்துப் பயின்றிருக்கிறார் என்பதற்கு அது சான்று.

அந்தப் பயிற்சி விரைவிலேயே பயன் தந்தது. மாணவராக இருந்தபோதே ஒளியைப் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்தார். அதைக் கட்டுரையாக எழுதி இலண்டனிலிருந்து வெளிவந்த ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்குத் தாமே அனுப்பினார். 1906-இல் அது அச்சாகி வந்தது. அப்போது அவருக்கு வயது 18. எழுதத் தெரியாதிருந்தால் அந்த ஆராய்ச்சி கல்லூரி நோட்டுப் புத்தகத்தோடு முடிந்திருக்கும்.

1907-இல் எம்.ஏ. தேறி, நிதித்துறைப் பரீட்சையும் எழுதிக் கல்கத்தாவில் சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தார். கைநிறையச் சம்பளம், ஆனால் மனம் அதில் நிறையவில்லை. ஒருநாள் டிராமில் செல்லும்போது பௌபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டார். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். தம் விருப்பத்தைச் சொன்னார். கழகம் தன் சோதனைச்சாலையை அவருக்குத் திறந்துவிட்டது. அன்று முதல் காலையில் ஆராய்ச்சி, பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் ஆராய்ச்சி என்று பத்து ஆண்டுகள் உழைத்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றிய காலத்திலும் ஆராய்ச்சியை விடவில்லை. 1917-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தபோது, குறைந்த சம்பளம் என்றும் பாராமல் அதை ஏற்றார்.

கல்கத்தாவில்தான் அவருடைய சொல்லாற்றல் மலர்ந்தது. கழகத்தில் பொதுமக்களுக்காக அவர் சொற்பொழிவுகள் ஆற்றினார். வானம் ஏன் நீலமாக இருக்கிறது, கடலுக்கு நிறம் எங்கிருந்து வந்தது, மிருதங்கத்தில் இனிய நாதம் எழுவது எப்படி என்று எல்லாரும் கண்டும் கேட்டும் அறிந்தவற்றிலிருந்தே பேச்சைத் தொடங்குவார். மேடையிலேயே சோதனை செய்து காட்டுவார். நகைச்சுவை தாராளமாக வரும். கேட்பவன் தன்னையும் அந்த ஆராய்ச்சியில் ஒரு பங்காளியாக எண்ணிக்கொள்வான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்வதே அவர் கையாண்ட முறை.

அந்த ஆற்றலுக்குப் பெரிய சோதனை 1928-இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு, சிதறும் ஒளியில் புதிய நிறக் கோடுகள் தோன்றுவதை இராமன் உறுதி செய்தார். மறுநாளே செய்தி பத்திரிகைக்குப் போயிற்று. மார்ச் 16-ஆம் நாள் தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தின் கூட்டத்தில் அந்தக் கண்டுபிடிப்பை விரிவாக விளக்கினார். அந்தக் கூட்டம் நடந்தது நம் பெங்களூரில்தான்! அந்தச் சொற்பொழிவு மாத முடிவிற்குள் அச்சாயிற்று. படிகள் உலகெங்கும் உள்ள அறிஞர்களுக்குத் தபாலில் பறந்தன.

இதே சமயத்தில் மாஸ்கோவில் என்ன நடந்தது என்பதையும் நாம் அறிய வேண்டும். லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்ற இரண்டு ருஷ்ய அறிஞர்கள் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தனர். அவர்கள் கண்ட நாள் பிப்ரவரி 21. இராமனுக்கு ஒரு வாரம் முன்பே! ஆனால் அவர்கள் நிதானமாக ஆராய்ந்து எழுதிய கட்டுரை ஜெர்மன் பத்திரிகையில் வெளிவந்தபோது ஜூலை மாதம் ஆகிவிட்டது. அதற்குள் இராமன் விளைவு உலகம் அறிந்த பெயராகிவிட்டது. 1930-இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. பரிசுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் கண்டதைக் காலத்தில் சொல்வதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே என்பதை அந்த நான்கு மாதங்கள் நமக்கு உணர்த்துகின்றன. இது முதல் பாடம்.

இனி இரண்டாவது பாடத்துக்கு வருவோம். 1933-இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக வந்தார். 1909-இல் தோன்றிய அக்கழகத்துக்கு முதல் இந்திய இயக்குநர் அவரே. வந்தவுடன் பௌதிகத் துறையைத் தொடங்கினார், தொழிற்பட்டறையைச் சீர்ப்படுத்தினார். மறு ஆண்டிலேயே இந்திய விஞ்ஞான அகாடமியை நிறுவி, மாதந்தோறும் ஆராய்ச்சி இதழையும் வெளியிட்டார். அவர் எண்ணங்கள் உயர்ந்தவை. இந்த ஊரை உலக விஞ்ஞானத்தின் ஒரு தலைநகராக்க விரும்பினார்.

ஆனால் அந்தக் கழகம் இராமன் ஒருவருடையது அன்று. பிற துறைப் பேராசிரியர்கள் இருந்தனர். நிர்வாக சபை இருந்தது. வெள்ளையர் பலர் இருந்தனர். பௌதிகத்துக்குப் பணம் போனால் தங்கள் துறைக்குக் குறையும் என்று மற்றவர்கள் அஞ்சினர். அந்த அச்சத்தை இராமன் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொருவரையும் தனியே கண்டு பேசி, அவர் குறையைக் கேட்டு, இணங்க வைக்கும் பொறுமை அவரிடம் இல்லை. நினைத்ததை உடனே செய்தார். மறுத்தவர்மீது கோபம் கொண்டார். ஆயிரம் பேரை ஒரு மணி நேரம் மயக்கத் தெரிந்தவருக்குப் பத்துப் பேர் கொண்ட கூட்டத்தில் ஒருவர் மனத்தை மாற்றத் தெரியவில்லை.

இதனால் நேர்ந்த இழப்புக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஹிட்லரின் ஆட்சியில் வேலை இழந்து ஜெர்மனியை விட்டு வெளியேறிய மாக்ஸ் பார்ன் என்ற பேரறிஞரை இராமன் பெங்களூருக்கு அழைத்து வந்தார். 1935-இன் இறுதியில் வந்த பார்ன் சில மாதங்கள் இங்கே தங்கிப் பாடம் நடத்தினார். அவரை நிரந்தரப் பேராசிரியராக்க இராமன் விரும்பினார். பேராசிரியர் கூட்டத்தில் அவரைப் புகழ்ந்து பேசினார். ஆனால் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் எழுந்து, பார்ன் அங்கே இருக்கும்போதே அவரைத் தாழ்த்திப் பேசினார். முயற்சி முறிந்தது. 1936-இல் பார்ன் எடின்பரோவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1954-இல் அவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. பெங்களூர் தக்க வைத்துக்கொண்டிருக்கக்கூடிய மனிதர் அவர்!

பழி முழுவதையும் இராமன்மேல் சுமத்துவது நியாயம் ஆகாது. இந்தியர் ஒருவர் தலைமையை ஏற்க மனமில்லாதவர்கள் அங்கே இருந்தனர். பொறாமையும் இருந்தது. ஆயினும் எதிர்ப்பு இருக்கும் இடத்தில்தானே பழகும் கலை தேவைப்படுகிறது? எல்லாரும் நண்பராக இருந்தால் அதற்கு வேலையே இல்லை. 1936-இல் கழகத்தை ஆராய ஒரு குழு அமைந்தது; அதன் அறிக்கை இராமனுக்குப் பாதகமாக வந்தது. 1937-இல் இயக்குநர் பதவியை அவர் துறக்க நேர்ந்தது. பௌதிகப் பேராசிரியராக மட்டும் 1948 வரை அங்கே பணியாற்றினார்.

பதவி போயிற்று, ஆனால் அவருடைய சொல்லின் வலிமை போகவில்லை. அவருடைய துறைக்கு ஹோமி பாபாவும் விக்கிரம் சாராபாயும் வந்து ஆராய்ச்சி செய்தனர். மின்பொறியியல் படிக்க வந்த ஜி. என். இராமச்சந்திரன் பௌதிகத்துக்கு மாறி இராமனின் மாணவரானார். 1948-இல் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் இராமன் குடிபுகுந்தார். மைசூர் அரசு அகாடமிக்கு அளித்திருந்த நிலத்தில் எழுந்த நிலையம் அது. அங்கே வரும் பள்ளிச் சிறுவர்களுக்குக் கற்களையும் வண்ணத்துப் பூச்சிகளையும் தாமே காட்டி விளக்குவார். ஆண்டுதோறும் காந்தியடிகள் பிறந்த நாளில் ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். 1970 அக்டோபர் 2-ஆம் நாளும் பேசினார். அவ்வாண்டு நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார்.

தோழர்களே, இந்த வாழ்க்கையை நாம் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது? முதல் பாடத்தை நம்மவர் எளிதில் ஏற்றுக்கொள்கின்றனர். பேசப் பழக வேண்டும், எழுதப் பழக வேண்டும் என்று எல்லாரும் சொல்கின்றனர். அதற்கெனப் பணம் கட்டிப் பயிற்சியும் பெறுகின்றனர். இரண்டாவது பாடம் அவ்வளவு எளிதன்று. அலுவலகத்தில் நம் திட்டத்தை ஒருவர் மறுக்கும்போது அவர் ஏன் மறுக்கிறார் என்று கேட்பதற்கு மேடைப் பேச்சைவிட அதிகத் துணிவு வேண்டும். சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதற்கு முன்பே கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்து வைத்தார். அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

நம் சங்கத்திலேயே இதற்கு வழி உண்டு. வாரம் ஒரு மாலை, ஒரு மாணவர் தம் ஆராய்ச்சியைப் பத்து நிமிடம் தமிழில் விளக்கட்டும். பொருளாதாரம் படிப்பவருக்கும் புரியும்படி இரசாயனம் படிப்பவர் பேசட்டும். பிறகு வினாக்கள் எழட்டும். அதில் ஒரு விதி இருக்க வேண்டும். மறுத்துப் பேச விரும்புகிறவர், பேசியவரின் கருத்தை முதலில் தம் வாயால் எடுத்துச் சொல்லி, அவர் ஆம் என்று தலையசைத்த பின்னரே மறுக்க வேண்டும். இந்த ஒரு விதியைப் பழகியவர் எந்த அலுவலகத்திலும் தடுமாற மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. நாளை நம்மோடு பணிபுரியப் போகிறவர்கள் கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று பல மொழி பேசுவோர். வந்த ஊரின் மொழியில் நாலு வார்த்தை பேசினால் உள்ளம் திறக்கும் என்பதைக் கடைவீதியிலேயே நாம் கண்டிருக்கிறோம். கன்னடம் நம் மொழிக்கு உறவுமொழி, கற்பதும் கடினமன்று.

இராமனைப் போல் எல்லாரும் புதியது ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவரைப் போல் தெளிவாகச் சொல்ல நாம் முயலலாம். அவருக்குக் கைவராத பொறுமையையும் பழகிக்கொள்ளலாம். ஒருவரிடம் இந்த இரண்டும் சேர்ந்தால், அவர் வேலை செய்யும் இடத்தில் நல்ல திட்டம் எதுவும் கூட்டத்தோடு கலைந்து போகாது.