பைரனும் தராசும்

ஆங்கிலக் கவிஞருள் பைரன் பிரபுவின் அழகை வியவாதார் இலர். அவ்வழகின் பின்னே கிடந்த பசியை வகுப்பறையில் யாம் எடுத்துரைப்பதில்லை.

1788இல் இலண்டனிற் பிறந்த அவர்க்கு வலக்கால் பிறவி ஊனம். அன்னையார் பருத்த உடலினர், மகனும் அவ்வழியினரே. 1806இல் இலண்டன் வணிகர் ஒருவரின் தராசிலே நின்றபோது அவர் நிறை 194 இறாத்தல். அச்சுமை ஊனக்காலை வருத்திற்று. கொழுப்பு அறிவை மழுக்கும் என்ற எண்ணமும் அவரைப் பற்றியது. ஏழு உட்சட்டைகள் அணிந்து கிரிக்கெற் ஆடி வியர்த்தார். ஐந்தாண்டுகளுள் ஐம்பது இறாத்தலுக்கு மேற் குறைந்தார்.

1811இல் கவிஞர் சாமுவேல் ரோசர்ஸ் இல்லத்து விருந்தில் ஊனும் மீனும் மறுத்து, வினாகிரி ஊற்றிய உருளைக்கிழங்கையே உண்டார். அன்றிரவே வேறிடஞ் சென்று இறைச்சியை வயிறார உண்டார் எனப் பின்னர் ரோசர்ஸ் கேள்வியுற்றாராம். பட்டினியும் பெருந்தீனியும் மாறிமாறி வந்த இந்நிலையை, உண்ணுதல் பற்றிய மனநோய் என இன்றைய அறிஞர் சிலர் கருதுவர். அன்றையோர் அதனை மனவுறுதி என எண்ணியதில் வியப்பில்லை. இன்றும் நம்மிற் பலர் அவ்வாறே எண்ணுகின்றோம்.

1824இல் கிரேக்க விடுதலைப் போருக்கு உதவ மிசொலோங்கியில் தங்கிய காலத்தும், காலைதோறும் மணிக்கட்டையும் இடையையும் அளப்பார். சிறிது பருத்திருப்பின் பேதிமருந்து உட்கொள்வார். நலிந்த அவ்வுடலைக் காய்ச்சல் பற்றியது. வைத்தியர் மேலும் மேலும் குருதி வடித்தனர். ஏப்பிரல் 19இல் உயிர் பிரிந்தது. அகவை 36.