பிரமதநாத போஸும் இரும்பு மலையும்

திருச்சிக் காந்தி மார்க்கெட்டில் அரிவாளையும் கடப்பாரையையும் பேரம் பேசி வாங்குகிறோம். இரும்பு மண்ணில் எங்கே, எங்ஙனம் விளைகிறதென ஆராய்ந்த நம் நாட்டார் ஒருவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஸ்ரீ பிரமதநாத போஸ் 1855-இல் வங்காளத்தில் பிறந்தார். உபகாரச் சம்பளம் பெற்று லண்டனில் கற்று, 1880-இல் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் அமர்ந்தார். 1903-இல் அதன் தலைமைப் பதவி, அவருக்குப் பத்தாண்டு பின்னர்ச் சேர்ந்த தாமஸ் ஹாலந்துக்குப் போயிற்று. ஹாலந்து வித்வானே, நமது பல்லாவரத்துப் பாறைக்குச் சார்னகைட் எனப் பெயரிட்டவர் அவர்தாம். எனினும் நியாயம் வேறு. போஸ் ராஜினாமாச் செய்தார்.

மயூர்பஞ்ச் மகாராஜா அவரை அமர்த்திக்கொண்டார். அங்கே கோருமஹிஸானி மலையில் அவர் கண்டது செழிப்பான இரும்புத் தாது. ஆதிகாலக் கடலில் கரைந்திருந்த இரும்பு, பிராணவாயுவுடன் கூடி மணற்சத்தோடு அடுக்கடுக்காகப் படிந்தது. யுகயுகமாக ஊறிய நீர் மணற்சத்தைக் கரைத்துச் சென்ற இடங்களில் உயர்ந்த தாது எஞ்சிற்று. நமது சேலம் கஞ்சமலையிலும் அத்தகைய அடுக்குகள் உண்டு; ஆனால் மணற்சத்து நீங்காமையால் அங்கே இரும்பு குறைவு. மலையைப் பார்த்த மாத்திரத்தில் இவ்வேற்றுமை புலப்படாது. கற்றவன் கண் வேண்டும்.

1904 பிப்ரவரி 24-இல் போஸ் இச்செய்தியை ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு எழுதினார். டாட்டா அவ்வாண்டு மே மாதமே காலமானார். குமாரர் தோராப்ஜி முயற்சியைக் கைவிடவில்லை. 1907-இல் கம்பெனி ஏற்பட்டது. 1912-இல் ஸாக்சியில் எஃகு வார்த்தனர். அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் போஸ் வாழ்ந்திருந்தார்.